சந்தனப் பொட்டு வைத்த பெட்டி

சூடேறிய தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகிலிருந்து சந்தன மணம் வரும் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் உண்மையாகவே வந்தது. வருடத்தில் ஒரே ஒரு தடவை, விஜயதசமிக் காலையில், அப்பா பெட்டியின் பெரிய பொத்தானை அமுக்கிவிட்டு விலகி நிற்க, உள்ளே ஏதோ முனகி, மெல்ல மெல்லச் சூடாகி, முந்திய நாள் அம்மா அப்பிய சந்தனமும் காற்றுத் துவாரங்களுக்குள் உதிர்ந்து கிடந்த செவ்வந்தி இதழ்களும் ஒன்றாக வெதும்பி, கோயில் மூலஸ்தானத்தில் யாரோ சட்டை இஸ்திரி போடுவது போன்ற ஒரு மணம் அறை முழுக்கப் பரவும். முதலில் மணம் வரும், பிறகு சத்தம் வரும், கடைசியில்தான் படம் வரும். அந்த மூன்றுக்கும் இடையில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. லண்டனின் தெற்கே நோர்பரியில், போலந்துக் கிழவர் ஒருவருடைய வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் நாங்கள் மூன்று பேர், அப்பா, அம்மா, எட்டு வயது நான். அப்பாவுக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. அவர் பகலில் தூங்குவார் என்பதால் வீட்டில் எல்லாமே பாதிச் சத்தத்தில்தான் நடக்கும், தொலைக்காட்சி உட்பட. அந்தப் பெட்டியும் எங்களுடையதல்ல, கடையிலிருந்து மாத வாடகைக்கு எடுத்தது. மர அலமாரி போன்ற உடம்பு, வீங்கிய கண்ணாடி, பக்கத்தில் நாலு பொத்தான்கள். நாலில் இரண்டு விளம்பரமே போடாத பொதுச் சனல்கள். அம்மா அந்த இரண்டை மட்டுமே நம்பினார். "மற்றது ரண்டும் அவசரம் பிடிச்சதுகள், கதை சொல்லிக்கொண்டிருக்கேக்கை இடையிலை சவுக்காரம் விக்க ஓடிவிடும்" என்பார்.

அந்த நாட்களில் தொலைக்காட்சிக்கும் மனிதரைப் போல ஒரு நாள் இருந்தது, அதற்குக் காலை உண்டு, மதியம் உண்டு, தூக்கம் உண்டு. காலையில் நீங்கள் போட்டால் ஒன்றுமே நடக்காது, அசையாத ஒரு படமும் அதற்குப் பின்னால் எங்கோ வாத்தியங்களும் மட்டும் இருக்கும். அந்தப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தவள் நான், ஏனென்றால் எந்த நேரமும் அது அசைந்துவிடலாம். பிறகு வட்டமாக நின்ற புள்ளிகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும். கடைசிப் புள்ளி போனதும் பள்ளிக்கூடங்களுக்கான நிகழ்ச்சிகள் ஆரம்பமாகும். புள்ளிகள் குறையக் குறைய நான் விரல்விட்டு எண்ணுவேன், அம்மாவும் அடுப்பைக் குறைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி ஓடி வந்து, பெட்டிக்கு நேரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஆம், அந்த நிகழ்ச்சிகளின் உண்மையான மாணவி நானல்ல, அம்மாதான். ஊரில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ரீச்சர் மாற்றலாகிப் போனபின் அடுத்தவர் வரவேயில்லையாம். லண்டனுக்கு வந்தபோது அவரிடம் இருந்தது எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவு இங்கிலீஷ், பேச்சு சுத்தமாகக் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போனபின் அந்த நீண்ட காலைகளில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கென்று லண்டனில் யாரோ தயாரித்த பாடங்களை முப்பது வயது அம்மா விடாமல் பார்த்தார். கம்பளிச் சட்டை போட்ட ஓர் அண்ணையோ, நீளப் பாவாடை அக்காவோ திரையில் தோன்றி, ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தபடி, பதில் வரும்வரை காத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் அம்மா உரத்துச் சொல்வார், "இட் இஸ் அ டக்!" "த்ரீ!" "யெஸ், ஐ கேன் சீ இட்!" என்று. காணவேண்டியது எதுவாக இருந்தாலும் சுட்டுவிரலை நீட்டிக் காட்டியபடிதான் சொல்வார். உள்ளேயிருப்பவரும் தலையாட்டி, "வெரி குட்!" என்பார். அம்மாவின் முகத்தில் அப்போது வரும் வெளிச்சம் இருக்கிறதே, அதற்காகவே நான் காய்ச்சல் வந்ததாகப் பாசாங்கு செய்து வீட்டில் நின்ற நாட்கள் உண்டு.

மதியத்துக்கு மேல் பச்சை மேசையில் நிறப் பந்துகளைக் கோலால் தள்ளும் ஆட்டம் வரும். எங்களுடையது கறுப்பு வெள்ளைப் பெட்டி, எந்தப் பந்து எந்த நிறமென்று அப்பாவுக்கு மட்டும் தெரியும், அல்லது தெரிந்ததாகச் சொல்லுவார். வர்ணனை செய்பவர் கிசுகிசுத்த குரலில் பேசுவதால், தூக்கம் கலைந்து எழுந்துவந்த அப்பாவும் கிசுகிசுத்தே தேநீர் கேட்பார், அம்மாவும் கிசுகிசுத்தே "சீனி முடிஞ்சுது" என்பார். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்து சேரவும் பிள்ளைகளின் நேரம் தொடங்கும். அட்டைப் பெட்டி, ஒட்டும் நாடா, தயிர்க் கோப்பை எல்லாவற்றையும் கொண்டு எதையாவது செய்து காட்டுவார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு முட்டைப் பெட்டி குப்பைக்குப் போனதில்லை. பிறகு செய்தி, பிறகு வானிலை. வரைபடத்தில் காந்த மேகங்களை ஒட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். சில நாட்களில் ஒரு மேகம் கழன்று விழும். "விழுந்திட்டுது, அப்ப நாளைக்கு மழையில்லை" என்று அப்பா குடையை எடுக்காமலே வேலைக்குப் போவார், நனைந்துகொண்டு வருவார், மறுநாளும் அதையே சொல்லுவார்.

இனி அந்தச் சரஸ்வதி பூசைக்கு வருகிறேன். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், நவராத்திரியின் கடைசி நாளில் புத்தகங்களையும் தொழிற் கருவிகளையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை செய்தபின், மறுநாள் விஜயதசமிக் காலைவரை அவற்றைத் தொடக்கூடாது, வாசிக்கக்கூடாது. லண்டனுக்கு வந்த இரண்டாம் வருடம், என் பள்ளிப் புத்தகங்களையும் அப்பாவின் சலவைக்கூடக் கையுறையையும் அடுக்கி முடித்த அம்மா, கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அப்பா வாயைப் பிளந்தார்.

"வாடகைச் சாமானுக்கும் பூசையோ?"

"நான் இங்கிலீஷ் படிச்சது இதிலைதானே. அப்ப இதுவும் புத்தகம்தான், இதுவும் ரீச்சர்தான்" என்றார் அம்மா. கண்ணாடியின் நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், பொத்தான்களுக்குமேல் செவ்வந்தி மாலை. சரஸ்வதிக்கு மேலே முட்டைப் பெட்டி அட்டையில் செய்த வளைவு. அதுவும் பெட்டி சொல்லிக்கொடுத்த கைவேலைதான். அப்பா நாள் முழுக்கச் சிரித்தார். ஆனால் அடுத்த வருடம் இந்தப் பழக்கம் பக்கத்துத் தெருவில் இருந்த குணம் மாமா வீட்டுக்கும் பரவிவிட்டது. குணம் மாமா அப்பாவின் ஊர்க்காரர், அவருடைய மனைவி அம்மாவின் சொல்லைத் தட்டமாட்டார். ஆகவே நோர்பரியில் எங்களுக்குப் போக வர இருந்த ஒரே தமிழ் வீட்டிலும் சரஸ்வதி பூசையன்று தொலைக்காட்சி பொட்டும் பூவுமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வினை இங்கேதான் இருக்கிறது.

அதற்கும் அடுத்த வருடப் பூசை நாள் ஒரு வேலைநாளில் வந்தது. புத்தகம் தொடக்கூடாத நாளில் பள்ளிக்கூடம் எதற்கு என்று அம்மா என்னை அனுப்பவில்லை. காலையிலேயே பெட்டியை இழுத்துவைத்து, குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து, பொட்டுவைத்து, கற்பூரம் காட்டி முடித்தார். மாலைப் பூசைக்கு வெற்றிலையும் வாழைப்பழமும் வாங்கவென்று, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார். அப்பா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் இருண்ட கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, இப்போது புள்ளிகள் மறைந்துகொண்டிருக்கும், இப்போது அந்த அண்ணை வந்திருப்பார் என்று எனக்குள்ளேயே நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மாடிப்படி அதிர்ந்தது. அம்மா படியேறும் சத்தம் எனக்குத் தெரியும், பூனை வருவது மாதிரி இருக்கும். இது இரண்டு இரண்டு படியாகத் தாவும் சத்தம். கதவு திறந்தது. அம்மாவின் கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் மாறிப் பூட்டியிருந்தன, கையில் வெற்றிலை இல்லை, வாழைப்பழமும் இல்லை.

"இஞ்சாருங்கோ! எழும்புங்கோ! நான் ரீவியிலை வரப்போறன்!"

அப்பா போர்வையோடு எழுந்து நின்றார். அம்மா மூச்சு வாங்க வாங்கச் சொன்னதைக் கோர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது கமெராவும் மைக்குமாகச் சிலர் வந்திருக்கிறார்கள். நின்றவர்களிடம் ஒவ்வொருவராக எதையோ கேட்டிருக்கிறார்கள். அம்மாவிடமும் கேட்டிருக்கிறார்கள். அம்மா பதில் சொல்லியிருக்கிறார், இங்கிலீஷில்! இன்று மாலை, நாட்டுச் செய்தி முடிந்தபின் வரும் லண்டன் செய்தியில், முதலாவது சனலில் காட்டுவார்களாம்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு கூச்சல் அதற்கு முன் எழுந்ததில்லை. கீழே போலந்துக் கிழவர் தடியால் முகட்டைத் தட்டினார். நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். அப்பா, வாயில் இங்கிலீஷ் வராமல் கடைக்காரனிடம் விரலால் காட்டிச் சாமான் வாங்கும் தன் மனைவி லண்டன் நகரத்துக்கே கருத்துச் சொல்லியிருக்கிறா என்ற சந்தோசத்தில் போர்வையை உதறி உதறி மடித்தார், மடித்ததையே திரும்பவும் உதறினார்.

"நீர் என்னத்தைச் சொன்னனீர்? அவங்கள் என்ன கேட்டவங்கள்?"

"உதெல்லாம் இப்ப சொல்லமாட்டன். பின்னேரம் ரீவியிலை பாருங்கோவன்" என்று அம்மா திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். நாங்களும் அவர் பார்த்த திக்கில் பார்த்தோம். நெற்றியில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாகப் பெட்டி சரஸ்வதிக்குப் பக்கத்தில் சாந்தமாக இருந்தது. கற்பூரம் காட்டியாகிவிட்டது. நாளைக் காலைவரை தொடமுடியாது.

நான் அழத் தொடங்கினேன். அம்மா தொலைக்காட்சியில் வருவதை நான் பார்க்காமல் போவதா? அம்மாவின் இங்கிலீஷை ஊரே கேட்கும்போது எனக்கு மட்டும் கேட்காமல் போவதா? அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"பெட்டியைத் தொடாமல் பாக்கலாம்தானே. நான் தும்புத்தடிக் காம்பாலை சுவிட்சை அமத்திவிடுறன்."

"புத்தகத்தைத் தொடாமல் எட்டிநிண்டு வாசிச்சா அது வாசிக்கிறது இல்லையோ?"

"ஒரு அஞ்சு நிமிசம்தானேயப்பா. சரஸ்வதி கோவிக்கமாட்டா."

"சரஸ்வதிக்குப் பயந்து இல்லை" என்றார் அம்மா. "எனக்கு மட்டும் ஆசை இல்லையோ? இந்தப் பெட்டி இல்லையெண்டா இண்டைக்கு அவன் கேட்டதுக்கு நான் வாய் திறந்திருப்பனோ? படிப்பிச்ச ஆளுக்கு வருசத்திலை ஒருநாள் ஓய்வு குடுக்கிறம். எனக்கு நல்லது நடந்த அண்டைக்கே அந்த ஓய்வைப் பறிக்க ஏலாது."

அப்பா வேறு வீடுகளை யோசித்தார். குணம் மாமா வீட்டுப் பெட்டிக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. போலந்துக் கிழவரிடம் வானொலிதான் உண்டு. பக்கத்து வீட்டு இங்கிலீஷ்காரரோடு தலையாட்டும் பழக்கம் மட்டும்தான், அவர்களுடைய கதவைத் தட்டி என்னை உங்கள் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள் என்று சொல்ல அம்மாவால் ஏலாது. அந்தப் பகல் எப்படித்தான் நகர்ந்ததோ! மதிய நிகழ்ச்சி முடிந்திருக்கும், பந்தாட்டம் தொடங்கியிருக்கும், இதோ பிள்ளைகளின் நேரம் வந்துவிட்டது என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, பார்க்காத நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றையும் நான் எண்ணினேன். ஒவ்வொன்று முடியவும் அம்மா கிட்ட வந்துகொண்டிருந்தார்.

வழியைக் கண்டுபிடித்தவர் அப்பா. சுண்டலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் திருவலையோடு எழுந்து, "ரீவி வாடகைக்குக் குடுக்கிற கடை!" என்று கத்தினார். எங்கள் பெட்டியை எடுத்த கடைதான். பெரிய தெருவில், முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பெட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கி, கடையில் ஆள் இருக்கும்வரை எரியவிட்டிருப்பார்கள். "எங்கடை பெட்டிக்குத்தானே ஓய்வு? ஊரிலை இருக்கிற பெட்டி எல்லாத்துக்குமோ?" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியால் சுண்டலைக் கிண்டிக்கொண்டே யோசித்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைப் பெட்டிக்கு நான் பொட்டு வைக்கேல்லைத்தான்" என்றார் கடைசியில்.

வெற்றிலை இல்லாமலே மாலைப் பூசை அவ்வளவு வேகமாக நடந்ததைச் சரஸ்வதியும் பார்த்திருக்கமாட்டா. கடலைச் சுண்டலைக் கடதாசியில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினோம். அப்பா முன்னால், என் கையைப் பிடித்தபடி அம்மா பின்னால். தெருவிளக்குகள் அப்போதுதான் ஏற்றப்பட்டிருந்தன. கடை வாசலை அடைந்தோம். அத்தனை பெட்டிகளிலும் ஒரே கார், ஒரே மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரச் சனல்! கதவு பூட்டியிருந்தது, உள்ளே ஒரு இளைஞன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா கண்ணாடியைத் தட்டி ஒரு விரலைக் காட்டினார், ஒன்றாம் சனலைப் போடு என்று. அவன் இவருக்கு ஒரு ரீவி வேண்டுமாக்கும் என்று நினைத்து, கடை மூடிவிட்டதென்று பலகையைக் காட்டினான். அப்பா மீண்டும் ஒரு விரலைக் காட்டினார். அவன் மீண்டும் பலகையைக் காட்டினான். செய்தி தொடங்கியிருக்கும், எனக்குத் தெரியும், எனக்கு அந்த நேரம் எல்லாம் பாடம். அப்பா பொறுக்கமுடியாமல் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி ஒரு கும்பிடு போட்டார், நல்லூர்த் தேருக்குப் போடுகிற கும்பிடு. பிறகு அம்மாவைப் பிடித்து முன்னால் நிறுத்தி, அவரையும் பெட்டியையும் மாறிமாறிக் காட்டினார். அந்தப் பெடியனுக்கு என்ன விளங்கியதோ, சிரித்துக்கொண்டு வந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டு போனான். கார்கள் மறைந்தன. எங்கள் பஸ் தரிப்பிடம் தெரிந்தது.

சத்தம் இல்லை. தடித்த கண்ணாடி, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. தரிப்புக் கம்பத்துக்கு முன்னால், பஸ் வரும் திக்கை மறைத்துக்கொண்டு நிற்கும் பெரிய மரத்தைக் காட்டினார்கள். ஒரு கிழவர் தலையை இல்லை இல்லையென்று ஆட்டி ஏதோ ஏசினார். ஒரு பெண் கூடையை இடுப்பில் வைத்து ஏசினார். அதற்குப் பிறகு, அத்தனை பெட்டிகளிலும், சிறிதும் பெரிதுமாக, கறுப்பு வெள்ளையிலும் நிறத்திலும், அப்பாவின் கோட்டைப் போட்ட என் அம்மா!

"அம்மா!" என்று நான் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன். மைக் பிடித்தவர் எதையோ கேட்டார். அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு முகம் முழுக்க அந்த வெளிச்சம் வந்தது, தலை ஆமென்று ஆடியது. சுட்டுவிரலை நீட்டி, தூரத்தில் எதையோ காட்டி, மிகத் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக, வாயைத் திறந்து ஏதோ சொன்னார். வரிசை வரிசையாக அத்தனை அம்மாமாரும் ஒரே நேரத்தில் விரலை நீட்ட, அப்பா சட்டென்று கழுத்தைத் திருப்பி, எங்களுக்குப் பின்னால் தெருவில் என்ன இருக்கிறதென்று பார்த்தார்! ஒன்றுமில்லை, தெருதான். திரையில் மைக் பிடித்தவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா மறைந்தார். பழையபடி மரம் வந்தது. முடிந்துவிட்டது.

நாங்கள் மூன்று பேரும் தெருவில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் வயிற்றில் இருக்கிறது. அந்தப் பெடியன் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தான். அம்மா சுண்டற் பொட்டலத்தை அவன் கையில் திணித்தார். வீடு போகும் வழியெல்லாம் அப்பாவும் நானும் ஊகித்தோம். பஸ்ஸை மரம் மறைக்குது, கம்பத்தை அங்கே நடுங்கோ எண்டுதான் விரலைக் காட்டினவ என்பது அப்பாவின் கட்சி. அப்படியென்றால் அந்த ஆள் ஏன் சிரித்தார் என்று நான் கேட்டேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார். மற்றவர்கள் எல்லோரும் தலையை இல்லையென்று ஆட்டியதும் தான் மட்டும் ஆமென்று ஆட்டியதும் அவருக்கும் தெரிந்துதான் இருக்கவேண்டும். அடுத்த வாரம் பஸ் கொண்டக்டர் ஒருவர் அம்மாவைக் கண்டதும் விரலை நீட்டித் தூரத்தைக் காட்டிச் சிரித்தார். அம்மாவும் விரலை நீட்டிச் சிரித்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் மட்டும், "அதை விடு பிள்ளை" என்பார்.

அப்பா தன் கட்சியை விடாமலே காலமானார். நாங்கள் லண்டனின் வடமேற்கே ரெய்னர்ஸ் லேனுக்கு வந்து வெகுகாலமாகிவிட்டது. அந்த வாடகைக் கடை இருந்த இடத்தில் நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள். அம்மா தோன்றிய அந்தச் செய்தித் துண்டை நான் இணையத்தில் தேடாத நாளில்லை, எங்கும் இல்லை. காலையில் மறையும் புள்ளிகள் இல்லை, அசையாத படம் இல்லை, மேகங்கள் கழன்று விழுவதில்லை. தொலைக்காட்சிக்கு இப்போது தூக்கமே கிடையாது. ஒரு நிகழ்ச்சி முடிந்து நாம் மூச்சு விடுவதற்குள் அடுத்தது தானாகத் தொடங்கிவிடுகிறது. சுவரில் தொங்கும் தட்டையான கண்ணாடி சூடாவதுமில்லை, எந்த மணமும் வருவதுமில்லை.

ஆனாலும் பூசை இருக்கிறது. இந்த வருடமும் அம்மா என் மடிக்கணினியையும் ஃபோனையும் பிடுங்கிக் கொண்டுபோய்ச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தார். சுவர்த் தொலைக்காட்சிக்குப் பொட்டு எட்டவில்லை என்று ரிமோட்டுக்கு வைத்தார். எல்லாம் ஓய்ந்த அந்த மாலையில் நாங்கள் இருவரும் சுண்டல் கிண்ணத்தோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன். வழக்கம்போல அம்மா, "அதை விடு பிள்ளை" என்றார். வேறு நாளென்றால் நான் ஃபோனை எடுத்திருப்பேன், அவரும் ஒரு நாடகத்தைப் போட்டிருப்பார். எடுக்க ஒன்றும் இல்லாததால் அப்படியே இருந்தேன். கொஞ்ச நேரம் போனது.

"அவன் கேட்டது எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை, பிள்ளை" என்றார் அம்மா. "பஸ் எண்ட சொல்லு மட்டும்தான் பிடிபட்டுது. ஆனால் கேட்டுப்போட்டு அவன் போகேல்லை. சிரிச்சுக்கொண்டு பொறுத்து நிண்டான். கடையிலை, டொக்டரிட்டை, உன்ரை பள்ளிக்கூடத்திலை, ஒருத்தரும் எனக்காகப் பொறுத்ததில்லை. நான் வாய் திறக்க முதல் அடுத்த ஆளைப் பாத்துக் கதைக்கத் தொடங்கிவிடுவினம். எங்கடை பெட்டிக்குள்ளை இருந்தவை மட்டும்தான் கேட்டுப்போட்டுப் பொறுத்து இருப்பினம். இவனும் அதுக்குள்ளை இருந்து இறங்கி வந்த ஆள் மாதிரி நிண்டான். அதுதான் நானும் சொன்னன்."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். மெலிந்த சுட்டுவிரலை நீட்டி, அறையின் மறுபக்கத்தைக் காட்டி, அந்த வெளிச்சத்தோடு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"யெஸ்! ஐ கேன் சீ இட்!"

அப்பாவைப் போலவே நானும் சட்டென்று கழுத்தைத் திருப்பி, அங்கே என்ன இருக்கிறதென்று பார்த்தேன்.